மருமகள் விட்டுப்போன நத்தைகள்

காரைக்கால்,
2-11-1979

சேசு மரி சூசை

செலஸ்தீனுக்கு உன் மாமியார் லூர்தம்மாள் எழுதுவது. நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. கட்டின சேலையோடு நடுத்தெருவில் இறங்கி, அண்ணன் சைக்கிளில் ஏறி மண்டபத்தூருக்குப் போனவளுக்கு நலத்தில் என்ன குறை இருக்கப்போகிறது?

உன் துணிமணிகளை மடித்து வைத்திருக்கிறேன். அவை பேசாமல் கிடக்கும். ஆனால் கிணற்றடியில் ஒரு மண்சட்டியில் மூன்று நத்தைகளைப் போட்டு, மேலே கொசுவலைத் துணியைப் பாவாடை நாடாவால் கட்டிவிட்டுப் போயிருக்கிறாயே, அதை நான் என்ன செய்வது? வேலைக்கு வரும் அமுதம் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதைத் தொடச் சொன்னீங்கன்னா நாளையிலேருந்து நான் நின்னுக்குறேன்" என்கிறாள். குப்பையில் கொட்டியிருப்பேன். இன்றைக்குக் கல்லறைத் திருநாள். ஓர் உயிரைக் கொட்டக் கை வரவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போ.

உன்னை உள்ளே வைத்து நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனதை ஊரெல்லாம் சொல்லியிருப்பாய். இரண்டு வருஷமாக அப்படித்தானே போகிறேன்? என் மகன் பிரான்சில் இருக்கிறான். உன்னை அங்கே அழைத்துக்கொள்ளப் பிரெஞ்சு சர்க்காரின் பப்பியே காகிதம், முத்திரை எல்லாம் வந்து சேரும் வரைக்கும் உன்மேல் ஒரு சொல் விழாமல் காப்பது என் பொறுப்பு. உன் நல்லதுக்குத்தான் செய்தேன். உன் அண்ணன் மழையில் வந்து நிற்பான் என்று எனக்கு அசரீரி சொல்லிற்றா?

அற்புதராஜுக்கு நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. கிறிஸ்மஸுக்குள் நீ வந்துவிட்டால் எழுத வேண்டியும் இருக்காது. வராவிட்டால், "உன் பெண்டாட்டி வீட்டில் இல்லை" என்று ஒரு வரி போதும். அப்புறம் பப்பியே எதற்கு?

லூர்தம்மாள்


மண்டபத்தூர்,
7-11-1979

அத்தைக்கு,

நத்தைகளைக் கொட்டாமல் வைத்தீர்களே, உங்களுக்குப் புண்ணியம். இங்கே கொண்டுவர வழியில்லை. அண்ணி வாத்து வளர்க்கிறார்கள். வாத்து கண்ணில் பட்டால் அன்றோடு சரி.

கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய வேலை இல்லை. மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அது உப்பு. உப்பு பட்டால் அதன் உடம்பு கரைந்துபோகும். தெருக்குழாய்த் தண்ணீரைக் கையால் தெளியுங்கள். முருங்கைக்கீரை, வெள்ளரிக்காய்த் தோல் எதுவானாலும் தின்னும். மிச்சம் அழுகினால் எடுத்துவிடுங்கள். முட்டை ஓட்டை நுணுக்கிப் போட்டால்தான் அதன் ஓடு கெட்டிப்படும். எங்காவது ஒட்டிக்கொண்டால் ஓட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே சதை பிய்ந்துவிடும். விரலை நனைத்து முன்னால் வையுங்கள். தானாக ஏறி வரும்.

அண்ணன் அன்றைக்கு விருந்துக்கு வரவில்லை அத்தை. எங்கள் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று சொல்ல வந்தார். அவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே மழையில், நான் உள்ளே. நீங்கள் பூசை முடிந்து வரும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். "கதவத் தொறடி" என்று அவர் கத்துகிறார், சாவி உங்கள் இடுப்பில். அம்மா பிழைத்துக்கொண்டார்கள். பிழைக்காமல் போயிருந்தால்?

இன்னொன்று. நாகப்பட்டினம் சிஸ்டர்மார் தையல் பள்ளியில் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டதும் நீங்கள் அனுப்பமாட்டேன் என்றதும் பழைய கதை. இப்போது மறுபடி கேட்டிருக்கிறார்கள். அண்ணன் சொல்வது இதுதான்: "நீ இன்னொரு வீட்டுப் பொண்ணு. ஒன் மாமியா தன் வாயால போன்னு சொல்லட்டும், அடுத்த பஸ்ஸுல ஏத்தி விடுறேன்." ஆகவே உங்களைத்தான் கேட்கிறேன்.

செலஸ்தீன்


காரைக்கால்,
19-11-1979

செலஸ்தீனுக்கு,

நாகப்பட்டினம் பேச்சே வேண்டாம். சொல்தா வீட்டு மருமகள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் மெடல் வாங்கினவர் மருமகள், ஊரார் ஜாக்கெட்டுக்குக் காஜா எடுக்கப் போகிறாளா? அந்த விஷயம் முடிந்தது.

இனி உன் பிராணிகள் விஷயம். நீ எழுதினபடி தெருக்குழாய்த் தண்ணீர் தெளிக்கிறேன். அமுதம் தொடமாட்டாள் என்பதால் செம்பை எடுத்துக்கொண்டு நானே குழாயடிக்குப் போக வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் குழாயடியில் நின்றவள் அல்ல. பக்கத்து வீட்டு ஜொஹரா பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

கேரட் சீவிப் போட்டேன். மறுநாள் பார்த்தால் கேரட் நிறத்திலேயே கழிந்து வைத்திருக்கிறது. சந்தேகம் வந்து பீட்ரூட் போட்டேன். அதுவும் அச்சாக அதே சிவப்பு. தின்றதை இப்படி ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிற பிறவியை நான் பார்த்ததில்லை.

நாடாவை நான் சரியாக முடியவில்லை போலிருக்கிறது. காலையில் எழுந்தால் சட்டியில் இரண்டுதான். மற்றது உன் மாமனார் சொல்தா உடுப்பில் நிற்கிற படத்தில், மீசைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. வழியெல்லாம் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றிருக்கிறது. விரலை நனைத்து வைத்தேன். முதலில் கொம்பை இழுத்துக்கொண்டது. பிறகு ஒரு கொம்பை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். கடைசியில் ஏறிற்று. கை சில்லிட்டுப் போனது.

இதில் எது ஆண், எது பெண்? ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. கன்னி மாதா படம் இருக்கிற வீடு இது. பதில் எழுது.

லூர்தம்மாள்


மண்டபத்தூர்,
28-11-1979

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். மாமா மீசை வந்த இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

நத்தையில் ஆண் தனி, பெண் தனி என்று கிடையாது. ஒவ்வொன்றும் இரண்டும்தான். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் சிஸ்டர் சொன்னபோது நாங்களும் நம்பவில்லை. மாமியார் மருமகள் சண்டை அதுகளுக்குள் வராது, எல்லாரும் எல்லாமுமாக இருக்கிறார்கள்.

இங்கே பூட்டு இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். வாசலில் நின்றால், "என்ன, பிரான்ஸ்லேருந்து ஆளு வருதான்னு பாக்குறியா?" என்கிறார்கள் அண்ணி. உள்ளே உட்கார்ந்தால், "மகாராணிக்கு உக்காந்த எடத்துக்கே சோறு வருது" என்கிறார்கள். நான் படுப்பது அண்ணன் சைக்கிள் டயர்களும் டியூப்களும் அடுக்கிய அறையில். ரப்பர் வாசனையில் தலை வலிக்கிறது. அந்த வீட்டில் கதவு பூட்டியிருந்தது. இந்த வீட்டில் கதவு திறந்திருக்கிறது, கால் வைக்கத்தான் இடமில்லை. உங்கள் மகன் கடிதத்தில் எப்போதும் ஒரே வரி: "அம்மா சொல்கிறபடி இரு."

காஜா எடுப்பது கேவலம் இல்லை அத்தை. ஒரு வார்த்தை எழுதுங்கள்.

செலஸ்தீன்


காரைக்கால்,
14-12-1979

சேசு மரி சூசை

செலஸ்தீனுக்கு,

பெரிய நத்தை மற்றதன் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறதே என்று போன மாதமே அதை வேறு சட்டியில் தனியாகப் பிரித்து வைத்தேன். இன்றைக்கு மண்ணைக் கிளறினால் ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக ஒரு குவியல் முட்டை! நானே துணியைக் கட்டினேன், நானே அவிழ்த்தேன். ஒன்றும் அண்டாத சட்டியில் முட்டை எப்படி வந்தது? இதற்கு உன் சயின்ஸ் சிஸ்டர் என்ன சொல்கிறார்?

ஜொஹராவிடம் காட்டினேன். தப்பு செய்தேன். அவள் வாய் சும்மா இருக்குமா? "ஏங்க லூர்தம்மா, பூட்டி வைக்க மருமவ இல்லேன்னு இப்ப நத்தையைக் கட்டி வச்சிருக்கீங்களாக்கும்?" என்றாள். நான் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பதில் இல்லாமல் அல்ல. அவளுக்கு ஏன் சொல்ல வேண்டும்? உனக்குச் சொல்கிறேன்.

உன் மாமனார் கல்யாணமான கையோடு சைகோனுக்குப் போனார். ஆறு வருஷம். என் மாமியார் என்னைக் கொல்லைப்புறக் கதவு வழியாகக்கூட எட்டிப் பார்க்க விட்டதில்லை. கோவிலுக்குப் போனால் முன்னால் அவர், பின்னால் நான், எனக்குப் பின்னால் ஒரு கிழவி. பிரெஞ்சுக்காரன் காலத்து அஞ்சாவது படித்தவள் நான், இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம். என்னைப் பேப்பர் படிக்கக்கூட விடவில்லை. நான் இருந்தேன். செத்தா போய்விட்டேன்? பிள்ளை பெற்று, அவனைப் பிரான்ஸ் வரைக்கும் அனுப்பி, தலை நிமிர்ந்து இருக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு வந்துவிடு. அதிரசத்துக்குப் பச்சரிசி ஊறப்போடப் போகிறேன். ஒற்றை ஆளுக்கு அதிரசம் எதற்கு?

லூர்தம்மாள்


மண்டபத்தூர்,
20-12-1979

அத்தைக்கு,

முட்டை விஷயத்தில் நீங்கள் சந்தேகப்படுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நத்தை ஒரு தரம் சேர்ந்தால் அதை உடம்புக்குள்ளேயே பத்திரப்படுத்தி, மாதக்கணக்கு கழித்துத் தனியாக இருந்தும் முட்டையிடும். அதற்கு அப்படி ஒரு வரம். எனக்கு இல்லை. உங்கள் மகன் என்னோடு இருந்தது மூன்று வாரம். அதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டுவது?

முட்டைகளை மண்ணோடு எடுத்து முருங்கை மரத்தடியில் வைத்து மூடிவிடுங்கள். மழை ஓய்ந்து மண் காய்கிற நாளில் நத்தைகள் ஓட்டுக்குள் போய் வாயில் பால் ஏடு மாதிரி வெள்ளையாக மூடிக்கொள்ளும். பயப்படாதீர்கள். செத்ததில்லை. காய்ச்சலைத் தாங்காமல் தூங்குகிறது. காய்ச்சல் என்றால் வெயில் காய்ச்சல்.

சைகோன் கதையை இப்போதுதான் எழுத்தில் சொல்கிறீர்கள். முன்பு ஒரு நாள் அரிசி புடைக்கும்போது கேட்டேன், "அந்த ஆறு வருஷமும் என்னத்த செஞ்சீங்க?" என்று. "இருந்தேன்" என்று சொல்லிவிட்டு முறத்தை வைத்து எழுந்து போனீர்கள். அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. அது எனக்குத் தெரியும்.

கிறிஸ்மஸுக்கு வரமாட்டேன். வந்தால் கதவுக்கு உள்ளே வருகிறேன், அப்புறம் எப்போது வெளியே என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தையல் பள்ளியில் பிப்ரவரியில் தவசுகாலம் தொடங்கும் வரைக்கும் இடம் வைத்திருப்பார்களாம். அதற்குப் பிறகு தரங்கம்பாடிப் பெண் ஒருத்திக்குப் போய்விடும். எனக்கு வேறு கதவு கிடையாது அத்தை.

உங்கள் மகனுக்கு எழுதுவதானால் எழுதுங்கள்.

செலஸ்தீன்


காரைக்கால்,
22-1-1980

செலஸ்தீனுக்கு,

மூன்றில் ஒன்று போய்விட்டது.

பொங்கலுக்கு முன்பே நீ சொன்னபடி இரண்டு மூடிக்கொண்டன. அந்தப் பெரியது மட்டும் மூடவும் இல்லை, தின்னவும் இல்லை. பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பதினேழாம் தேதி வனத்து அந்தோணியார் திருநாள். ஊரெல்லாம் மாட்டை, ஆட்டைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், சாமியார் மந்திரித்த உப்பைக் கொடுக்கிறார், அதை மாட்டுத் தீவனத்தில் போட்டால் நோய் அண்டாது. என் அப்பா வீட்டில் அப்படித்தான். நத்தையும் ஆண்டவர் படைத்த பிராணிதானே? நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் காளையோடு நின்றார். "ஆச்சி, ஒங்க மாடு எங்க?" என்றார். "வீட்டுல" என்றேன்.

உப்பு ஆகாது என்று நீ எழுதியிருந்தது மறக்கவில்லை. அது கடை உப்பைச் சொன்னது என்று நினைத்தேன். இது மந்திரித்தது. மந்திரித்தால் அது உப்பா?

மூன்று விரலால் எடுத்து, சிலுவை போட்டு, அதன் மேல் தூவினேன். நுரைத்தது செலஸ்தீன். பச்சையாக நுரை நுரையாக வந்தது. உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை. நான் ஜெபம் பலிக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டேன்.

நல்லதுக்குத்தான் செய்தேன்.

அந்த வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். இதே வார்த்தையை நான் வேறு எங்கோ எழுதியிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று உனக்குத் தெரியும்.

மற்ற இரண்டு மேலும் உப்புத் துகள் பட்டிருக்கும். என்ன செய்ய? உடனே எழுது.

லூர்தம்மாள்


மண்டபத்தூர்,
25-1-1980

அத்தைக்கு,

அழாதீர்கள். கடிதத்தில் இரண்டு இடத்தில் மை ஊறியிருக்கிறது.

அந்த மண்ணைத் தூரக் கொட்டிவிடுங்கள். சட்டியைத் தெருக்குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிப் புது மண் போடுங்கள். மூடிக்கொண்டவற்றை ஈரத்துணியால் ஒற்றி நிழலில் வையுங்கள். ஏட்டைப் பிய்த்துப் பார்க்காதீர்கள். அதுகளுக்கு எப்போது திறக்க வேண்டும் என்று தெரியும்.

பெரியதை நான்தான் முதலில் பிடித்தேன், போன புரட்டாசி மழையில். நீங்கள் பூட்டிக்கொண்டு நவநாள் பூசைக்குப் போயிருந்தீர்கள். கிணற்றுச் சுவரில் அது ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு மெதுவாகப் போகிற ஒன்றுகூட மதிலைத் தாண்டி வெளியே போகிறதே என்று பொறாமையில் பிடித்துச் சட்டியில் போட்டேன். நானும் நல்லது செய்துவிடவில்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை. அந்தோணியார் மேலும் இல்லை. ஆனால் தவசுகாலத்துக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

செலஸ்தீன்


காரைக்கால்,
3-2-1980

சேசு மரி சூசை

செலஸ்தீன், இதை உன் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாகப் படி.

"தம்பி சூசைமுத்துவுக்கு லூர்தம்மாள் தெரிவிப்பது. என் மருமகள் நாகப்பட்டினம் போய்த் தையல் பள்ளியில் வேலை பார்க்க எனக்குப் பூரண சம்மதம். பஸ் ஏற்றிவிடவும். யாராவது ஒரு சொல் சொன்னால், மாமியார் அனுப்பினாள், அவளைப் போய்க் கேள் என்று சொல்லவும். அன்றைக்கு மழையில் நின்றதற்கு உன்னிடம் நேரில் பேசுகிறேன். கடிதத்தில் வராது."

இனி உனக்கு மட்டும். அற்புதராஜுக்கும் எழுதிவிட்டேன். "உன் பெண்டாட்டி வீட்டில் இல்லை" என்ற அதே வரிதான். அதன் கீழே, "நான்தான் அனுப்பினேன்" என்று எழுதினேன்.

உன் துணிகளை அமுதத்தின் புருஷன் கொண்டுவந்து தருவான். குளிருக்கு என் நீலச் சால்வையும் வைத்திருக்கிறேன். திருப்பித் தர வேண்டாம்.

லூர்தம்மாள்


நாகப்பட்டினம்,
9-3-1980

அன்புள்ள அத்தைக்கு,

வந்து சேர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. பெண்கள் இருபது பேருக்குமேல், மெஷின் ஐந்துதான். ஒருத்தி தைக்கும்போது மூன்று பேர் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதல் நாள் என்னை, "டீச்சர்" என்றார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

இங்கேயும் கேட் உண்டு. ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் சிஸ்டரிடம் கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்றேன். "போயிட்டு வாம்மா, இருட்டறதுக்குள்ள வந்துடு" என்றார். நான் போனேன். ஒன்றும் வாங்கவில்லை. கடலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

உங்கள் மகன் எனக்கு எழுதவில்லை. உங்களுக்கு எழுதினாரா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை இல்லை. நான் அங்கே வரலாம். ஆனால் அந்த வாசல்படியை மிதிக்க இன்னும் கால் வரவில்லை. மறைக்காமல் சொல்லிவிட்டேன். நீங்கள் வருவீர்களா?

செலஸ்தீன்


காரைக்கால்,
16-3-1980

சேசு மரி சூசை

அன்புள்ள செலஸ்தீனுக்கு,

அற்புதராஜ் எனக்கு எழுதினான். "நீ எப்படிம்மா விட்டாய்? பப்பியே வருகிற நேரத்தில் அவள் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்?" என்கிறான். பதில் போட்டுவிட்டேன். "பப்பியே வந்தால் நீயே நாகப்பட்டினம் போய்க் கூப்பிடு. வர இஷ்டமிருந்தால் வருவாள். உன் அப்பா என்னை ஒரு தரமும் கேட்டதில்லை. நீயாவது கேட்டுப் பழகு." அவனுக்குக் கோபம் வரும். வரட்டும், பிரான்சிலிருந்து இங்கே கேட்காது.

நத்தை இரண்டும் போன வியாழக்கிழமை ஏட்டைத் தள்ளிவிட்டு வெளியே வந்தன. துணியை அவிழ்த்துச் சட்டியைக் கிணற்றடியில் வைத்துவிட்டேன். ஒன்று அன்றைக்கே சுவரேறிப் போய்விட்டது. நான் தேடவில்லை. மற்றது இன்னும் சட்டியில்தான் கிடக்கிறது. விளிம்பு வரைக்கும் வருகிறது, கொம்பை நீட்டிப் பார்க்கிறது, திரும்பி உள்ளே போகிறது. துணி இல்லை என்று அதற்கு யார் சொல்வது?

நீ வாசலை மிதிக்கமாட்டேன் என்றது எனக்கு உறுத்தத்தான் செய்தது. இப்போது நான் கேட்பதற்குச் சிரிக்காமல் பதில் எழுது.

எனக்கு அறுபது வயது ஆகப்போகிறது. காரைக்கால் எல்லையிலிருக்கிற வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டி நான் தனியாகப் போனதே இல்லை. மாமியாரோடு போனேன், புருஷனோடு போனேன், பிறகு மகனோடு போனேன். ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள், இறங்கு என்றபோது இறங்கினேன். எந்த ஊரில் இறங்கினேன் என்றுகூடப் பார்த்ததில்லை. ஆகவே விவரமாக எழுது. காரைக்காலில் பஸ் எந்தப் பக்கம் நிற்கும்? நாகூரில் இறங்கி மாற வேண்டுமா, நேராகப் போகுமா? நாகப்பட்டினத்தில் எந்த இடம் என்று கண்டக்டரிடம் சொல்ல வேண்டும்? இறங்கினதும் பள்ளிக்கூடம் இடது கைப் பக்கமா, வலது கைப் பக்கமா?

போர்டை நானே படித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு புறப்படுகிறேன். அண்ணனைத் துணைக்கு அனுப்புகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

லூர்தம்மாள்